ஏரி என்று எழுதியதால் வந்த வம்பு

1. ஒரு வார்த்தை

"மேடம், இங்க ஏரின்னு யாரு எழுதச் சொன்னது?"

நான் வரைந்த மேப்பைத் தன் ஆபீஸ் மேசைமேல் விரித்துக்கொண்டு பில்டர் கேட்டார். ஆனேக்கல் பக்கம் அவர் லேஅவுட் போடவிருந்த நிலம் அது. நான் அப்போது ஒரு சின்ன சர்வே ஆபீசில் சர்வேயர். என் பாஸ் மூர்த்தி சார் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபேனில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பக்கம் சரிவு, நாலாவது பக்கம் கரை. உபரித் தண்ணி போகக் கலிங்கு வேற இருக்கு. இதுக்குப் பேரு ஏரிதான் சார்."

"தண்ணியே இல்லையேம்மா."

"கோடையில வறண்டு கெடக்கு. மழை வந்தா வரும்."

"அப்ப பள்ளம்னு போடுங்க. இல்லன்னா தாழ்வான சமவெளி. கேக்கவும் நல்லா இருக்கு."

அவருடைய விளம்பரத் தாளில் இருபதடி மேடு மலையாகியிருந்தது. ஏரிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் ராஜகாலுவே, சாக்கடை நாற்றத்தோடு நீரோடையாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் புரமோஷன் கொடுத்த மனிதர் ஏரிக்கு மட்டும் டிமோஷன் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மூர்த்தி சார் சொன்னார்: "ஒரு வார்த்தைதானே செல்வி, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடும்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

"நாப்பது குடும்பம் அங்க வீடு கட்டும் சார். கட்டிலுக்கு அடியில தண்ணி வந்தா அவங்களும் அட்ஜஸ்ட் பண்ணுவாங்களா? வேணும்னா நீங்க மாத்திக் கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. எனக்கும் வீரம் அவ்வளவுதான். லிங்கராஜபுரத்து வீட்டுக்குத் திரும்பியதும், இந்த வேலை போய்விடும் என்று முதல் வேலையாகப் பழைய பயோடேட்டாவைத் தேடியெடுத்தேன்.

2. பள்ளத்தில் கார்

மறுவாரம் பில்டரே சைட்டுக்கு வந்தார். அது சமவெளிதான் என்று எனக்குக் காட்ட, காரை நேராக நடு ஏரியில் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் மூர்த்தி சாரும் கரையில் இருந்தோம்.

மத்தியானம் மழை பிடித்தது. இருந்த ஒரே குடையை, நிலம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் மெஷினுக்குப் பிடித்தோம். மெஷினுக்கு இருக்கும் மரியாதை பாஸுக்குக் கிடையாது, அவர் நனைந்தார். ஒரு மணி நேரத்தில் ராஜகாலுவே பழுப்பாகப் பொங்கி வந்து காரைச் சுற்றிக்கொண்டது. பில்டர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கரையேறினார்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஏன் சாமி, கெரெக்குள்ள யாராச்சும் வண்டிய நிறுத்துவாங்களா?"

"இது ஏரி இல்லம்மா, பள்ளம்."

அந்தம்மா காரைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "சரி சாமி. பள்ளம் ரொம்பறதுக்குள்ள வண்டிய எடு."

டிராக்டர் வைத்து இழுத்தோம். மூர்த்தி சார் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே இருந்தார்.

லேஅவுட் பிளான் மாறியது. வீடுகள் மேட்டுக்குப் போயின. என் மேப்பில் ஏரி ஏரியாகவே இருந்தது, வேலையும் போகவில்லை.

சில மாதம் கழித்து பில்டர் போன் செய்தார்.

"மேடம், லேஅவுட்டுக்கு 'லேக் வியூ'ன்னு பேரு வெச்சிருக்கோம். மேப்ல அந்த ஏரியக் கொஞ்சம் பெருசா வரைய முடியுமா?"

முடியாது என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: மறைக்கச் சொல்லியும் வருவார்கள், பெரிதாக்கச் சொல்லியும் வருவார்கள். பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரண்டுக்கும் வருவார். மேடுபள்ளம் அளந்து லெவல் எடுத்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.