குளம் வெட்டிய ராணிக்குப் புடவை கட்டிவிட்டேன்

அந்தக் காலத்து ராணிக்கு நீங்கள் எப்போதாவது புடவை கட்டிவிட்டதுண்டா? சிங்கப்பூர்த் தேக்காவில் கல்யாணப் பெண்களுக்குக் கொசுவம் மடித்தே விரல் தேய்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு, கூட நிற்கும் மாமியார்களைச் சமாளிப்பதே பெரும்பாடு. எனக்கு ராணியும் வந்து சேர்ந்தாள். பழங்காலப் பெண்களைப் பற்றித் தொலைக்காட்சிக்கு ஓர் ஆவணப்படம்; அதில் ராணிக்குப் புடவை கட்டிவிடும் வேலை எனக்கு. என் மகள் யாழினியோ, அந்த ராணியைப் பற்றித் தமிழ் வகுப்பில் பேசுவதாகக் கையைத் தூக்கிவிட்டு வந்துவிட்டாள். ராணி என்ன செய்தாள் என்று நான்தான் பார்த்து வந்து சொல்ல வேண்டுமாம்!

ரவிக்கை

கேலாங்கில் ஒரு கிடங்குக்குள் அட்டை அரண்மனை. அந்தக் காலத்தில் ரவிக்கையே கிடையாது என்றார் வரலாற்றுப் பேராசிரியர். பிள்ளைகள் பார்க்கும் நேரம், ரவிக்கை கட்டாயம் என்றார் தயாரிப்பாளர். நான் ரவிக்கையும் கையுமாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இயக்குநர் தம்பி தீர்ப்புச் சொன்னார்: "ரவிக்கை இருக்கணும்க்கா, ஆனா இருக்குன்னு தெரியக்கூடாது லா."

கம்பீரம்

ஊக்கும் அப்போது கிடையாதாம். ஊக்கில்லாமல் பட்டு நிற்குமா, நீங்களே சொல்லுங்கள். வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே குத்திவிட்டேன். "அந்தக் காலத்துப் பெண்களோட நிமிர்வைப் பாருங்க!" என்று இயக்குநர் உருகினார். ராணியாக நின்ற பெண், வங்கியில் வேலை பார்ப்பவள், உதடு அசையாமல் என்னிடம் சொன்னாள்: "அசைஞ்சா குத்துதுக்கா, அதான் கம்பீரம்."

ஜன்னல்

ராஜா போருக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். ராணி ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டாள். யாழினி இதையா பேசுவாள்? பேராசிரியரிடம் மெல்லக் கேட்டேன். "ஊருக்கே குளம் வெட்டிக் கொடுத்தவங்கம்மா, கல்வெட்டே இருக்கு" என்றார். அப்பாடா! யாழினியிடம் அன்றைக்கே சொல்லிவிடலாம். இயக்குநரிடம் ஓடி, "குளத்தை எப்ப தம்பி எடுப்பீங்க?" என்றேன்.

"குளத்துக்கு பட்ஜெட் இல்லக்கா, ஜன்னலுக்குத்தான் இருக்கு."

ஒளிபரப்பு

யாழினி குளத்தைப் பற்றி ஜோராகப் பேசிக் கைதட்டு வாங்கினாள். அந்த வாரமே படம் வந்தது. மறுநாள் வகுப்பே அவளைச் சூழ்ந்துகொண்டதாம்: "குளத்தையே காணோம், நீ புளுகுற!" எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குள் நுழையும்போதே அழுகை. கல்வெட்டு பொய்யா, தொலைக்காட்சி பொய்யா என்றாள். ஊக்கை ஒளித்து வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அத்தனை பெரிய குளத்தை யார் ஒளித்து வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கைப்பேசியை எடுத்து நீட்டினாள்: "அந்த டைரக்டர் அங்கிளுக்கு போன் பண்ணி, ஜன்னலுக்கு வெளியிலயாவது ஒரு குளம் வைக்கச் சொல்லுங்கம்மா."