வடிகட்டின பொய்

எங்கள் தண்ணீர் ஆபீஸில் மீட்டர் திரையைப் பார்க்கிறவருக்குப் பெயர் வடிகட்டி. வைத்தது நான்தான். அங்கே புகார் போன் எடுக்கிறவள் நான். நாள் முழுக்க ஊராரிடம் திட்டு வாங்குகிறவளுக்கு இந்தச் சின்ன உரிமைகூட இல்லையா என்ன? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட வாயைத் திறக்க வேண்டுமே!

எங்கள் வட்டத்துக் குழாய்களில் நாற்பத்தொரு பிரஷர் மீட்டர்கள் இருக்கின்றன. நிமிஷத்துக்கு ஒரு எண் அனுப்பும். அதில் பாதி உளறல். லாரி போனால் ஒரு குதி, மழை பெய்தால் ஒரு குதி. அவருடைய திரையில் எந்நேரமும் சிவப்பு விளக்கு. மனுஷர் நாலு வருஷம் உட்கார்ந்து, உளறலைப் பிரித்தெடுக்கக் கம்ப்யூட்டரில் ஒரு வடிகட்டி செய்தார். மீட்டர்களைப் புள்ளிகளாகவும் குழாய்களைக் கோடுகளாகவும் வைத்து ஒரு படம் போட்டார். ஒரு நாள் நான் கேட்டபோது மட்டும் விளக்கினார்.

"ஒரு மீட்டரை மட்டும் கேட்டா அது சொல்றது நிஜமான்னு தெரியாதுங்க. குழாயால அதோட சேர்ந்திருக்கிற மத்ததையும் கேக்கணும். ஒத்துப்போகலைன்னா இதோட எண்ணை அதுங்க பக்கம் கொஞ்சம் இழுத்துவிடணும். யாரை எவ்வளவு நம்பலாம்னு பழைய பதிவைப் பார்த்து அதுவே கத்துக்கும்."

"அட, அக்கம்பக்கத்துல விசாரிக்குதுன்னு சொல்லுங்க."

"அதேதான்" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

அக்கம்பக்கத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனுஷருக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கடைசித் தெருவில் கடைசிக்கு முந்தின வீட்டு மாடியில் ஏழு வருஷமாகத் தனிக்கட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா போன் செய்து "சாப்பிட்டியா?" என்பாள். "ஆச்சு" என்பார். திங்கட்கிழமை காலையில் எனக்கு 'வணக்கம்' சொல்லும்போதுதான் அடுத்த பேச்சு. நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும், பாவமாகவும் இருக்கும்.

வடிகட்டி போட்டபிறகு திரை பச்சையாயிற்று. பெரிய இன்ஜினியர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "இந்த ஒரு வாரம் இப்படியே பச்சையா ஓடட்டும். ஊர் முழுக்க இதையே போட்டுடலாம். நீங்கதான் பொறுப்பு" என்றார். அவரை யாராவது பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காது மடல் சிவந்துபோய் நின்றார்.

அந்த வாரம் பார்த்துத்தானா எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும்! கன்னம் வீங்கி லீவு போட்டேன். புகார் போனைத் தூக்கி அவர் மேஜையில் வைத்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். சொல்லி முடிக்க மூன்று டீ பிடித்தது.

திங்கட்கிழமை ஒரு பெண் போன் செய்தாள். கடைசித் தெருவில் தண்ணீர் வரவில்லை, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைத் துடைத்துவிடக்கூடத் தண்ணீர் இல்லை என்றாள். அவர் திரையைப் பார்த்தார். அந்தத் தெருவுக்கான நாற்பத்தோராவது மீட்டர், பச்சை.

"உங்க தெருவுல தண்ணி நல்லா வருது மேடம். உங்க பைப்பைப் பாருங்க."

செவ்வாயும் அதே பெண், அதே பதில். புதன்கிழமை அவள் கத்திவிட்டாள்.

"வடிகட்டின பொய் சொல்றீங்க சார்!"

நான் வைத்த பட்டப்பெயர் வெளியிலும் பரவிவிட்டது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியதாம். கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றது.

அந்த மூன்று நாளும் அவர் வீட்டிலும் தண்ணீர் இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு சீக்கிரமே வந்து ஆபீஸில் குளித்திருக்கிறார். தெருவில் தண்ணீர் இருப்பதாகத் தன் திரையே சொல்லும்போது கெட்டது தன் குழாய்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறார். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரைக் கேட்பார்?

புதன் சாயங்காலம் குழாயைக் கழற்றிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. கையில் ஸ்பேனரோடு வெளியே வந்தால், பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு வாளித் தண்ணீரோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"உங்க வீட்லயும் தண்ணி வரலீங்களா?" என்றார்.

அவள் வாளிகளைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

"இந்தக் குரல்... போன்ல பேசினது நீங்கதானே? சுவருக்கு அந்தப் பக்கமே இருந்துட்டா அப்படிச் சொன்னீங்க?"

அவர் வாளியைத் தூக்கப் போனார். "வேணாம், வைங்க" என்று அவளே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும், காரணம் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நடுவில் இருக்கும் மீட்டருக்கு நாலைந்து பக்கத்து மீட்டர்கள். கடைசி மீட்டருக்கு ஒன்றே ஒன்று. கடைசி மீட்டர் அடிக்கடி உளறுகிறது என்று பழைய பதிவில் குறித்துவைத்தவர் இவரே. அதனால் அதன் பேச்சைத் துளியும் நம்ப வேண்டாம், பக்கத்து மீட்டரின் எண்ணையே இதற்கும் போட்டுவிடலாம் என்று வடிகட்டி கற்றுக்கொண்டிருக்கிறது. ரோடு வேலைக்காக இரண்டு மீட்டருக்கும் நடுவே மூடிய வால்வைத் திறக்க மறந்தது யாரோ. பூஜ்யம், பூஜ்யம் என்று மூன்று நாள் உண்மையைச் சொன்னது அந்த மீட்டர்.

வியாழன் காலை பெரிய இன்ஜினியரிடம் போய், "என் வடிகட்டி தப்புங்க. நிறுத்திடலாம்" என்று சொல்லிவிட்டார். வாரம் முடிய இரண்டே நாள். வாயை மூடிக்கொண்டு வால்வை மட்டும் திறந்துவிட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். இன்ஜினியர் "அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. திரை பழையபடி சிவப்பு.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். மூன்றாவது டீ முடிந்ததும் வந்த முதல் போன் அந்தப் பெண்தான்.

"தண்ணி வந்துடுச்சு. அந்த சார்கிட்டச் சொல்லிடுங்க."

"பக்கத்து வீடுதானேம்மா? கதவைத் தட்டி நீங்களே சொல்லுங்களேன்."

"அதெல்லாம் பழக்கமில்லீங்க" என்று வைத்துவிட்டாள்.

அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பதிவேட்டை இழுத்து, நாற்பத்தொன்றுக்கு நேரே 'தண்ணீர் வந்தது' என்று எழுதினார். தகவல் சொன்னவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"பேர் கேட்டீங்களா?" என்றார்.

நான் கேட்கவில்லை. 'பக்கத்து வீடு' என்று எழுதினார்.