பதினோரு திருப்புளிகள்

திருப்புளியைத் திருகின் தலையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். சாய்ந்தால் அடுத்தது. அதுவும் சாய்ந்தால் அதற்கடுத்தது. யாரும் பிடிக்காமல் தானாக நிமிர்ந்து நிற்கும் ஒன்று கிடைக்கும்வரை அரைச் சுற்றுகூடத் திருப்பமாட்டார். ஷட்டர் சிக்கிய கேமராவைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் என் அவசரம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

பழுது பார்க்கும் அந்த நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்த வாட்ச்மேன் உட்பட. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பதினோரு திருப்புளிகள் வைத்திருக்கிறார். எல்லாம் சொந்தமாக வாங்கி, நுனியைத் தானே உரசிப் பதப்படுத்தியவை. "எல்லாத் திருகுத் தலையும் கூட்டல் குறிதானேன்னு நினைக்காதீங்க. ஒண்ணு ஆழம், ஒண்ணு மேலாக இருக்கும். மாத்தி வச்சுத் திருகினா தலையைக் கடிச்சுத் துப்பிடும்" என்றார். தலை போன திருகைக் கழற்ற ஒரு நாள் பாடுபட வேண்டுமாம். வீட்டில் வாணலிப் பிடி ஆடினால் கணவர் கத்திமுனையால்தான் முடுக்க வேண்டும். இந்தக் கூட்டைத் தொட்டால் அன்றைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இத்தனைக்கும் அக்காவின் கண்ணாடியில் ஒரு காலுக்குத் திருகே இல்லை, நூல்தான் கட்டியிருக்கிறது. சரியான அளவு இன்னும் கிடைக்கவில்லையாம், கண்டதையும் போட முடியாதாம்.

போன வாரம் புது மேலாளர் எல்லா மேசையிலும் ஒரே மாதிரி செட் வைத்தார். பளபளவென்று ஆறு திருப்புளிகள். இனி சொந்தக் கருவி கூடாது, கையெழுத்துப் போடாதவர்கள் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று கூடவே ஒரு தாளும் வந்தது. மற்ற நான்கு பேரும் போட்டுவிட்டார்கள். அக்காவுக்கு இங்கே பத்தொன்பது வருடம். கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது.

இன்று மேலாளர் நேரில் வந்து தாளைக் கேட்டார். அக்கா என் கேமராவைக் கவிழ்த்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"உங்க செட்ல எதை வேணும்னாலும் வைங்க சார். திருப்ப வேண்டாம், கையை மட்டும் எடுங்க. ஒண்ணு நின்னாலும் கையெழுத்துப் போடறேன்."

மேலாளர் ஆறையும் வைத்துப் பார்த்தார். ஆறும் சாய்ந்தன. காது சிவந்து, ரூல் ரூல்தான் என்று சொல்லித் தாளைத் தள்ளினார்.

அக்கா கூட்டைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தார். கையை எடுத்தார். நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

பிறகு அந்தத் தாளைக் கேமராவுக்கு அடியில் விரித்தார். கழற்றிய முதல் திருகை, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் வைத்தார்.