பரீட்சை இல்லாத வகுப்பு

செய்தி வந்தபோது நான் இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மழை நாள். மருந்து ஜன்னலுக்கு வெளியே கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசை நின்றது. வார்டிலிருந்து ஆயா வந்து, "அப்போதிக்கரி ஐயா, பூண்டுலோயாவுல இருந்து ஆளு வந்திருக்காங்க. நம்ம சிஸ்டரு காலையில தவறிட்டாங்களாம்" என்றாள். லீவில் அண்ணன் வீட்டுக்குப் போனவர், மாரடைப்பு. மருந்து கலந்து கொடுப்பதுதான் அப்போதிக்கரி வேலை. மீதிப் போத்தல்களையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நான் ஜன்னலைச் சாத்தினேன். கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். நோயாளிகளை மழையில் திருப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதிருந்தால், சிவபாக்கியம் சிஸ்டரே என்னை ஏசியிருப்பார்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அவர் கணக்கப்பிள்ளையின் மகள். தகப்பனார் அலைந்து திரிந்து பிரஜாவுரிமை வாங்கிவிட்டதால் கொழும்பில் தாதியர் கல்லூரியில் படிக்க முடிந்தது. படித்து முடித்ததும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே பின்கட்டு அறையில் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தார். எங்கள் வார்டில் எப்போதும் நெஞ்சுச்சளியும் இழுப்பும்தான். குளிர், லயத்து அடுப்புப் புகை, தேயிலைத் தூசி எல்லாம் சேர்ந்து வேறென்ன செய்யும்? அதனால் மூச்சு நோய்களைப் பற்றித்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் கல்லூரிப் பிள்ளைகளைப் போலவே பரீட்சை எழுதித் தாதிகளாக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். இங்கேயே பிறந்தும், பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. நான் ஹட்டன் கடைவீதியில் பிறந்த முஸ்லிம். நீ எந்த நாட்டுக்காரன் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

அவருடைய பாடம் புத்தகப் பாடம்போல இருக்காது. ஒரு தடவை இழுப்போடு வந்த கிழவரிடம் நான் எத்தனை நாளாக இருக்கிறது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். சிஸ்டர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்றுதான் அவர் கூப்பிடுவார். "நானா, மூச்சு முட்டுறவங்ககிட்ட கேள்வி கேக்காதீங்க. பதில் சொல்ல மூச்சு வேணும். தலையாட்டுற மாதிரி கேளுங்க." பிறகு கிழவரை எழுப்பி உட்கார வைத்து, முன்னால் ஒரு தலையணையைப் போட்டுச் சாய்ந்துகொள்ளச் சொன்னார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

முதல் வருட ஆயுத பூசையை என்னால் மறக்க முடியாது. ஆக்சிஜன் சிலிண்டர்கள் எங்களுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்டோர் என்று எல்லோரும் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் அன்று எல்லா மெஷின்களையும் துடைத்து, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்துக் கும்பிடுவார்கள். எங்கள் பிள்ளைகளும் சிலிண்டரைத் துடைத்துச் சந்தனம் வைத்தார்கள். இறுக்கமாக இருந்த வால்வு திருகில் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. ஆக்சிஜனும் எண்ணெயும் நெருப்பும் ஒன்று சேர்ந்தால் வார்டே மிஞ்சாது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சிஸ்டர் உள்ளே போனார். கத்தவில்லை. "அந்தத் தட்ட எங்கிட்ட குடும்மா. சாமிய நான் வெளியில வச்சுக் கும்பிடுறேன்" என்றார். தட்டை வாங்கிக்கொண்டு, அவசரப்படாமல் நடந்து, முற்றத்து மழையில் வைத்தார். பிறகு படியில் உட்கார்ந்து என்னிடம் தண்ணீர் கேட்டார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார்.

வாரத்துக்கு ஒரு நாள் வரும் டாக்டருக்கு விஷயம் போய்விட்டது. "சிஸ்டர், இது சரிவராது. வகுப்பை நிப்பாட்டுங்கோ. இவையளுக்குக் கூட்டித் துடைக்கப் பழக்கினால் போதும்" என்றார். சிஸ்டர் பிள்ளைகள்மேல் பழி போடவில்லை. "நெருப்பு ஆகாதுன்னு சொல்லியிருந்தேன் டாக்டர். கற்பூரத்த அதுங்க நெருப்புன்னே நெனைக்கல. அது சாமிக்குக் காட்டுறது. மெஷின்னா எண்ணெய் போடணும்னுதான் பொறந்ததுலேருந்து பாத்திருக்குதுங்க. இத நான் யோசிச்சிருக்கணும். ஒரு மாசம் குடுங்க" என்றார். அந்த ஒரு மாதம் அவர் நெருப்பு என்ற சொல்லையே விட்டுவிட்டார். கற்பூரம், சாம்பிராணி, குத்துவிளக்கு, பீடி, குளிர் காயும் கரிச்சட்டி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சொல்லிப் பாடம் நடத்தினார். மாதம் முடிந்ததும் டாக்டர் கேட்ட கேள்வி எதற்கும் பிள்ளைகள் தடுமாறவில்லை. அடுத்த வருடத்திலிருந்து முற்றத்தில் ஒரு காலி சிலிண்டருக்குப் பூசை நடந்தது. டாக்டரும் வந்தார். சுண்டலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வகுப்பு தப்பியது, பிள்ளைகள் தப்பவில்லை. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் அவர்கள் கொழுந்து எடுக்கிறவர்கள்தான். கொழுந்து கூடிய காலத்தில் ஒரு நாள், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எல்லோரையும் வகுப்பை விட்டுவிட்டு மலைக்கு வரச் சொல்லிவிட்டார். மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வெள்ளை உடுப்போடு சிஸ்டரும் போய் வரிசையில் நின்றார். கண்டாக்கு பதறிப்போய், "சிஸ்டர், நீங்க எதுக்குங்க இங்க?" என்று கேட்டார். "எங்க வகுப்பு இன்னைக்கு இங்கதானே இருக்கு. நீங்க பேரு கூப்பிடுங்க, நாங்க போறோம்" என்றார். கண்டாக்கு அவரையும் பார்த்தார், துரை பங்களாப் பக்கமும் பார்த்தார். சிஸ்டரை மலைக்கு அனுப்பினால் யாருக்குப் பதில் சொல்வது? பாதிப் பிள்ளைகளை அப்போதே திருப்பி அனுப்பினார். மீதிப் பாதி மலைக்குத்தான் போனது. முழு வெற்றி எதுவும் அவருக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு அனுமதி கேட்டு அவர் வருடம் தவறாமல் கொழும்புக்குப் போய்வந்தார். ஒரு தரம் நானும் கூடப் போனேன். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார், சட்டத்தில் இடமில்லை என்றார். சிஸ்டர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். திரும்பி வரும் ரயிலில் சோற்றுப் பார்சலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "நம்ம ஊரு தூள இப்படிக் கெடுத்துப் போட்டு வச்சிருக்காங்களே நானா. அது தேத்தண்ணியா?" என்றார். அதன் பிறகு நாவலப்பிட்டி வரை தூங்கினார். எனக்குத்தான் கோபத்தில் தூக்கம் வரவில்லை.

அந்தக் கோபத்தை ஒரு நாள் அவரிடமே காட்டினேன். "நடக்காத ஒண்ணச் சொல்லி ஏன் இந்தப் பிள்ளைகளை ஏமாத்துறீங்க?" என்று கேட்டேன். அவர் காய்ச்சிய ரப்பர் குழாய்களை உதறி உலர்த்திக்கொண்டிருந்தார். "நடக்கும்னு நான் எப்ப சொன்னேன்? கேட்டுக்கிட்டு இருக்கேன்னுதான் சொல்றேன். அதுங்களுக்காக ஒருத்தி கேக்குறான்னு தெரியணும்ல" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த களைப்பை அதற்கு முன் நான் கவனித்ததில்லை. எல்லோரையும் உட்கார வைத்து மூச்சு விட வைத்தவர், தான் எப்போது நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார் என்று இப்போது யோசிக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. அது என்னை வருத்துகிறது.

பூண்டுலோயாவில் அடக்கத்துக்குப் போனோம். அவரிடம் படித்த பிள்ளைகள் பல தோட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு, சிலர் கூடையை வழியில் வைத்துவிட்டு. பாதிப் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அவர்கள் கையில் சான்றிதழ் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

திங்கட்கிழமை தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பின்கட்டு அறையைக் கம்பளி அடுக்குவதற்கு ஒழித்துக் கொடுக்க வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தார்கள். வார்டு நர்ஸ் பாடம் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். லெச்சுமி என்ற பிள்ளை எழுந்து, "ஐயா, இனிமே எங்களுக்காக யாருங்க கொழும்புக்குப் போவாங்க?" என்று கேட்டாள்.

எனக்கு வயதாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஹட்டனில் தம்பியின் கடையில் உட்காரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். முழங்கால் வலி வேறு. ஆபீஸ் ஆளிடம் அறை காலி இல்லை என்று சொல்லி அனுப்பினேன். லெச்சுமியிடம், "நான் போறேன்" என்றேன்.

சிஸ்டரின் பொறுமையை வைத்துக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவருடைய கைப்பக்குவத்தை வைத்துக்கொண்டவர்களும் இருப்பீர்கள். எனக்கு அவை இரண்டும் வரவில்லை. இந்தப் பிள்ளைகளை ஏன் பரீட்சை எழுத விடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரம் அதோடு ரயிலேறுகிறேன். இடமில்லை என்றுதான் சொல்வார்கள். இந்த நாட்டில் எந்த ஆபீசிலும் யாரும் என்னிடம் உனக்கு இடமில்லை என்று சொன்னது கிடையாது. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.