ஒரு ராத்திரிக் குடித்தனம்

சென்னகிருஷ்ணன் அண்ணன் செய்த அலமாரிக் கதவை மூடினால் சத்தமே வராது. உள்ளே இருக்கும் காற்று மட்டும் லேசாக மூச்சு விடும். பாகலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் பட்டறையில் கேரவன் வண்டி கட்டுகிறோம். எனக்கு வயரிங், அவருக்கு மரவேலை. கேரவன் என்றாலே எல்லோருக்கும் சினிமாக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். எங்களிடம் வருகிறவர்கள் வேறு மாதிரி. பெங்களூரில் சம்பாதித்துக் களைத்தவர்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் ஒரு வண்டிக்குள் அடக்கிக்கொண்டு, பிடித்த இடத்தில் நிறுத்தி ஜன்னலைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள்.

இவ்வளவு நறுவிசாக வேலை செய்கிற மனுஷனின் வீட்டுக் கதவு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதே லைன் வீட்டில் அடுத்த வாசல் என்னுடையது என்பதால் தெரிந்தே சொல்கிறேன், தோளால் இடித்தால்தான் திறக்கும். கேட்டால், "வாடக வூடுதானே, ஓனரு பாத்துக்குவாரு" என்பார். அவர் மனைவி ருக்மணி அக்கா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போகிறவர். இடித்து இடித்தே தனக்கு ஒரு தோள் இறங்கிவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த வண்டியை அப்படியே ஒப்படைக்க மாட்டோம். பர்கூர் கல்குவாரிப் பாதையில் விட்டு நன்றாகக் குலுக்கி, அப்புறம் பாரூர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, யாராவது ஒரு ராத்திரி அதில் வாழ்ந்து பார்க்க வேண்டும். சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், தூங்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் அழகாகத்தான் இருக்கும். குடித்தனம் பண்ணினால்தான் அதன் குணம் தெரியும். அண்ணனிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தவர் முதலாளி மாதேஷ் சார். அண்ணன் அக்காவையும் கூட்டிக்கொண்டு போவார். காலையில் திரும்பி வந்து, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்துவிட்டு "அனுப்பலாம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வண்டியும் குறை என்று திரும்பி வந்ததில்லை.

அக்காவுக்கு அந்த ராத்திரிகள் என்னவாக இருந்தன என்பது எனக்குத் தெரியும். முந்தின நாளே கூடையில் தட்டு, டம்ளர், கரண்டி, பருப்பு டப்பா எல்லாம் ஏறிவிடும். ஏரிக்கரையில் வண்டி நின்றதும் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அடுக்குவார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் கரும்புக் காடு, அதற்கு மேலே மெல்ல நிறம் மாறிக்கொண்டிருக்கும் வானம். எல்லாமே தன் வீட்டைச் சேர்ந்த மாதிரி இருக்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது பாதி தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி குரல் இறங்கிவிடும்.

"ஒரு ராத்திரின்னாலும் வூடு வூடுதானே, சரிதா" என்பார்.

வீடு என்றால் முதலில் பால் காய்ச்ச வேண்டும் அல்லவா. அக்கா காய்ச்சினார். ஒவ்வொரு வண்டியிலும் காய்ச்சினார். அடுப்போரம் கடுகளவு குங்குமம் வைப்பார். காலையில் துடைத்துவிடுவார். எனக்கு இது தெரியும். தப்பு என்று தோன்றவே இல்லை.

ஒரு தடவை, ஏரியைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி வழிந்துவிட்டது. மேலே துடைத்தவர், பர்னருக்கு அடியில் ஓடிக் காய்ந்ததைக் கவனிக்கவில்லை. அந்த வண்டியை எடுத்துப்போக மேகலா மேடம் வந்தார். வீட்டை விற்றுவிட்டு, கணவரோடு இனி வண்டியிலேயே இருக்கப் போகிறவர். புதுப் பால் சட்டி, மஞ்சள், பூ எல்லாம் கொண்டுவந்திருந்தார். அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பழுப்பாகத் தீய்ந்த கறை. பக்கத்தில் அழிந்தும் அழியாமல் ஒரு குங்குமப் பொட்டு.

"இங்க யார் பால் காய்ச்சினது?" என்றார். குரலை உயர்த்தவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது. "இது எனக்கு வண்டி இல்லை சார், வீடு. என் வீட்ல முதல் பால் நான்தானே காய்ச்சணும்?"

அண்ணன் மழுப்பவில்லை. "எங்க வூட்டுக்காரிங்க" என்றார்.

அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அக்காவைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மாதேஷ் சார் மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே அடுப்பை மாற்றிக் கொடுத்தார். வண்டி போனதும் அண்ணனைக் கூப்பிட்டு, "இனிமே நீ மட்டும் போ. அடுப்பு எரியுதான்னு பாரு, அணை, அவ்வளவுதான்" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு இரண்டு ஒயரைத் தப்பாக வெட்டினேன்.

அடுத்த வண்டிக்கு அவர் தனியாகத்தான் போனார். காலையில் வீடு திரும்பியதும் அக்கா வாசலிலேயே கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"ஏரி எப்பிடி இருந்துச்சி?"

"இருந்துச்சி."

"தண்ணி?"

"கெடக்குது. பாத்ரூம் கதவு கீலு கத்துச்சி, எண்ண வுட்டேன்."

அதற்கு அடுத்த வண்டிக்கும் இதே கதைதான். அப்புறம் அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். பூ வெட்டப் போனார், வந்தார், சமைத்தார். தோள் இறங்கிய கதையைக்கூடச் சொல்வதில்லை. சண்டை போட்டிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். இந்த அமைதி அவரைப் படுத்தியது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரிதா, ஏரியப் பத்தி என்னாம்மா சொல்றது?"

"பாத்தீங்கன்னா சொல்லலாம்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். இத்தனை தடவை போயும் அந்த மனுஷன் கீலையும் தாழ்ப்பாளையும் தவிர எதையும் பார்த்ததில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

அதற்கடுத்த வண்டிக்குப் போனவர் நிஜமாகவே பார்த்திருக்கிறார். திரும்பி வந்த காலையில் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் வெயிலு தண்ணி மேலயே படுத்துக்கினு இருந்துச்சி" என்று தொடங்கினார். "எழுந்திரிக்கவே மனசு இல்லாத மாதிரி. அப்புறம் ஒரு காத்து வந்து எழுப்புச்சி. அப்பிடியே மடிஞ்சி மடிஞ்சி கரைக்கு வந்துச்சி. ஒரு கொக்கு நின்னுக்கினு இருந்துச்சி. நான் அதப் பாத்தேன், அது என்னியப் பாத்துச்சி. ரெண்டு பேருக்கும் வேற வேல இல்ல. விடியக்காத்தால பனி எறங்குனதுல தண்ணியே காணோம். ஏரி எங்க போச்சின்னு எறங்கிப் போயி கால வெச்சிப் பாத்தேன். இருந்துச்சி, ருக்கு. சில்லுனு இருந்துச்சி."

அக்கா அரிசிக்குள் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் என் வாசலில் துடைப்பத்தோடு நின்றுவிட்டேன். அன்றைக்கு மூன்று பேருமே வேலைக்குத் தாமதம்.

அந்த வண்டி குடகுக்குப் போனது. ஒரு மலை வளைவில் கரண்டி டிராயர் தானாகத் திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. யாருக்கும் அடி இல்லை. வண்டியை வாங்கியவர் அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். மாதேஷ் சார் போனை எல்லோருக்கும் நடுவில் நீட்டினார்.

"சென்னா, இது நீ 'அனுப்பலாம்'னு சொன்ன வண்டியா?"

"ஆமா சார். டிராயர ரொப்பி வெச்சி குலுக்கிப் பாக்கணும். பாக்கல. காலியா இருந்தா நிக்கும், பாரம் வெச்சா தாழு தாங்கல."

"ஏன் பாக்கல?"

"ஏரியப் பாத்துக்கினு இருந்தேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். மாதேஷ் சார் சிரிக்கவில்லை. இன்னொரு வண்டி இப்படிப் போனால் மரவேலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு இருந்த ஒரே சொத்து, அவர் சொன்னால் வண்டி திரும்பி வராது என்ற பெயர்தான்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னார். "எந்த டிராயரு?" என்று கேட்டார் அக்கா.

"கரண்டி வெக்கிறது."

"நான் வந்திருந்தா அதத்தானே மொதல்ல ரொப்பியிருப்பேன்" என்றவர் அழுதுவிட்டார். "எனக்கோசரம் தண்ணியப் பாக்கப் போயி உங்க பேரு போச்சே."

மறுநாள் பட்டறைக்கு வந்ததும் அண்ணன் நேராக மாதேஷ் சார் முன்னால் போய் நின்றார். சம்பள உயர்வுகூடக் கேட்டு அறியாத மனுஷன்.

"இனிமே 'அனுப்பலாம்'னு நான் சொல்ல மாட்டேன் சார். அவ சொல்லட்டும். இத்தன நாளா வண்டில வாழ்ந்து பாத்தது அவதான். எது இறுகுது, எது இடிக்குது, எது தொறந்துக்குதுன்னு அவ சொல்லுவா, நான் திருத்துவேன். அதுக்குப் பேரு எனக்கு வந்துச்சி. அவ வராம இருந்தா எனக்கும் இங்க வேல வேணாம்."

மாதேஷ் சார் போனில் அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். அப்புறம், "வந்தா சும்மா வரவேணாம். சம்பளத்துக்கு வரச் சொல்லு. பால் மட்டும் வேணாம்" என்றார்.

குடகு வண்டி பழுது பார்க்கத் திரும்பி வந்தது. அண்ணன் தாழை மாற்றினார். பாரூருக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அங்கே நடந்ததை மறுநாள் குழாயடியில் அக்கா என்னிடம் சொன்னார்.

டிராயர்களில் எல்லாம் பாரம் வைத்து, குலுக்கி, இழுத்து, மூடி, வேலையை முழுசாக முடித்துவிட்டுத்தான் அக்கா வெளியே வந்திருக்கிறார். அண்ணன் கரையில் உட்கார்ந்திருந்தார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். வெயில் இருந்தது, காற்று இருந்தது, கொக்குகூட இருந்தது.

"நீங்க சொன்னப்ப இன்னும் நல்லா இருந்துச்சி" என்றாராம்.

அக்கா அண்ணன் தோளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுங்க" என்றாராம்.