பெறாமகனுக்கு நான் செய்த உதவி

என்னுடைய தையல் அறை உரும்பிராயில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை தெருவில் ஏறுகிற முகப்பில் இருக்கிறது. ஒரு மெசின், ஒரு நீட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி, அளவு கொடுக்க வருகிறவர்கள் இருப்பதற்கு நாலு பிளாஸ்டிக் கதிரை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது புத்தகத்துக்குப் பதிலாக மெசினைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்த நாலு கதிரைகளில் வந்து இருந்தவர்களிடம்தான். யாராவது ஒரு நல்ல கதை சொன்னால் அளவுக் கொப்பியில் அவர்களுடைய இடுப்பளவுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதி வைத்துவிடுவேன். மீன் கொண்டுவருகிற குருநகர் அக்கா ஒருநாள் சொன்னா: "தங்கச்சி, உன்ரை அறையிலை கதைக்கிற கதை ஐஸ் போடாத மீன். மத்தியானத்துக்கிடையிலை ஊர் முழுக்க மணக்கும்." அதையும் எழுதி வைத்தேன். பிறகு நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் மகன் எனக்குப் பெறாமகன். அத்தான் நேரத்தோடு கண்ணை மூடிவிட்டார். அக்கா வெங்காயமும் மரவள்ளியும் இரண்டு மாடுமாக அவனை வளர்த்தா. எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகையால் அவன் பாதி நாள் என் மேசைக்குக் கீழேதான் வளர்ந்தான். ஏஎல் சோதனையை இரண்டாம் முறை எடுத்துவிட்டு முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் யாழ்ப்பாணத்தில் ஒரு வீடியோக் கடைக்கு வேலைக்குப் போனான்.

கலியாணவீடு, சாமத்தியவீடு எடுக்கிற கடை அது. ஆனால் இப்போது அவர்களுக்கு நிரந்தரமான உழைப்பு செத்தவீடுதான். பிள்ளைகள் கனடாவில், பிரான்சில். ஒருத்தருக்கு விசா இல்லை, ஒருத்தருக்கு லீவு இல்லை. பந்தலுக்கும் சவப்பெட்டிக்கும் சொல்லுகிற கையோடு 'லைவ்'காரனுக்கும் சொல்லிவிடுகிறார்கள். அங்கே அவர்கள் போனைப் பார்த்து அழுவார்கள், இங்கே பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொடியன் கமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தப் பொடியன்தான் என்னுடைய பெறாமகன்.

அவன் அதில் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியும். உடுவிலில் எங்கள் மாமி செத்தபோது கண்டேன். பெட்டி படலையைத் தாண்டியதும் பெண்கள் நாங்கள் திரும்பிவிடுவோம். சுடலை ஆம்பிளைகளுக்கு. அன்றைக்கு வரைக்கும் நான் சுடலையைக் கண்டதில்லை. அக்காவும் நானும் குசினிக்குள் இருந்து அவனுடைய லைவை என் போனில் பார்த்தோம். ரொறன்ரோவில் மகளும் அதே நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் வரமுடியாததால் மாமாதான் கொள்ளி வைத்தார். நெருப்புப் பிடிக்கிற நேரம் எங்கள் பெறாமகன் கமராவை அதிலே வைத்திருக்கவில்லை. மெல்லத் திருப்பி, ஈர வேட்டியைப் பொத்திப் பிடித்தபடி நின்ற மாமாவின் கையிலே வைத்தான். அந்தக் கையை மாத்திரம் காட்டிக்கொண்டே நின்றான். "ஆர் உவனுக்கு உதைச் சொல்லிக் குடுத்தது?" என்று அக்கா கேட்டா. ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே கிழமையில் இரண்டும் வந்தன. கம்பஸ் கிடைத்துவிட்டது, பல்கலைக்கழகத்தில் இடம், ஆனால் தெற்கிலே, பஸ்ஸில் பதினொரு மணித்தியாலம். அவன் கேட்ட பாடமும் இல்லை. அந்தச் சந்தோசம் அடங்கமுன்னம் கடை முதலாளி அவனைக் கூப்பிட்டு, மாதச் சம்பளம், ஓடித் திரிய மோட்டச்சைக்கிள், கொழும்பில் ஆறு மாதம் எடிற்றிங் பழக அனுப்புவது என்று எல்லாம் சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமைக்கிடையில் முடிவு வேண்டும் என்றாராம். கம்பஸ் பதிவுக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள்.

முதலில் அக்கா வந்தா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எடியே, உவனுக்கு விசர் பிடிச்சிட்டுது. கம்பஸ் கிடைச்ச பிள்ளை பிணத்துக்குப் பின்னாலை திரியப்போறன் எண்டு நிக்கிறான்."

"சம்பளம் நல்லமாமே, அக்கா?"

"சம்பளமாம் சம்பளம்! நாளைக்கு ஒரு பொம்பிளை கேட்டுப் போனால், மாப்பிள்ளை என்ன செய்யிறார் எண்டு கேக்கமாட்டினமோ? ஊரிலை ஆரும் செத்தால்தான் எங்கடை வீட்டிலை அடுப்பு எரியும் எண்டு சொல்லவோ? உன்ரை வாய்க்குத்தான் அவன் அடங்குவான். நீ கதை."

"கதைக்கிறன், போ" என்றேன்.

பின்னேரம் அவன் வந்தான். கதிரையில் இருக்காமல் மேசையில் ஏறி இருந்தான்.

"சின்னம்மா, அம்மாவோடை ஒருக்கா கதையுங்கோ. நாலு வருசம் உதைப் படிச்சுப்போட்டு வந்து நான் என்ன செய்யிறது? வேலை கேட்டுப் பட்டதாரியள் கச்சேரிக் கந்தோர் வாசலிலை பந்தல் போட்டு இருந்தவையெல்லே? அதுக்கும் நாங்கள்தான் லைவ் போட்டனாங்கள்."

சிரிப்பு வந்தது. "உனக்குச் சவத்துக்குக் கிட்ட நிக்கப் பயமில்லையோடா?"

"சவம் ஒண்டும் செய்யாது சின்னம்மா. உயிரோடை நிக்கிறவைதான் குறுக்காலை வருவினம்."

"சரி, அம்மாவோடை கதைக்கிறன்" என்றேன். அவனுக்கும் ஓம் சொன்னேன், அக்காவுக்கும் ஓம் சொன்னேன். அவன் போன பிறகு, கம்பஸ் என்ற சொல் எங்கள் வீட்டில் முதல்தரம் ஒரு ஆளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, இவன் அதைக் காலால் தள்ளுகிறான் என்றுதான் எனக்கு ஓடியது. அவனுக்குப் பிடித்த வேலை ஒன்று இருபத்தொரு வயதிலேயே கிடைத்துவிட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறுக்கவில்லை. மெசினை நான் கேட்டு வாங்கவில்லை.

அடுத்தநாள் காலமை அறையில் மூன்று பேர். சட்டை அளவுக்கு ஒரு ரீச்சர், மகளின் சாமத்தியச் சடங்குக்கு உடுப்புத் தைக்க வந்த தாயும் மகளும். பெறாமகன் கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனான். போகிறபோது உள்ளே பார்த்துக் கையைக் காட்டினான். நானும் காட்டினேன். பிறகு வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்:

"உவன் கமராவோடை ஒழுங்கையாலை போனால், உடனை உள்ளை ஓடிப்போய் வீட்டிலை இருக்கிறவையை ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. ஆள் குறையலாம்."

ரீச்சர் சிரித்த சிரிப்பில் அளவு நாடா நழுவிப்போனது. தாய், "ஐயோ, இவவின்ரை வாய்!" என்று என் தோளில் அடித்தா. வெளிக்கிடுகிறபோது ரீச்சர் அந்த வசனத்தைத் தனக்குள்ளே ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தா, பிழையில்லாமல் கொண்டுபோக வேண்டுமே. அதைக் கண்டேன். தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சந்தியில் தொடங்கிவிட்டது. மதகில் இருக்கிற பொடியள் அவனுடைய சைக்கிளைக் கண்டால் விரலை நீட்டி எண்ணுவார்கள். "ஒண்டு... ரெண்டு... மூண்டு... ஐயோ, எங்கடை அப்புவைக் காணேல்லை!" கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "இஞ்சை எல்லாரும் இருக்கிறம் தம்பி, நீ போ, போ" என்பார். நான் சொன்னது ஒரு வசனம். ஊர் அதற்குக் கை கால் எல்லாம் வைத்துவிட்டது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் மாமியார் அவன் போகும்போது யன்னலைச் சாத்தினாவாம். பகிடி பகிடியாக இருந்த நாள் இரண்டுதான். அதற்குப் பிறகு சில பேர் உண்மையாகவே உள்ளே போய் எண்ணினார்கள்.

பக்கத்து ஒழுங்கையில் பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு தபால்காரர் இருந்தார். பிரான்சில் இருக்கிற மகளோடு கதைப்பதற்குப் பெறாமகன்தான் பின்னேரங்களில் போய்ப் போனைப் பிடித்துக் கொடுப்பான். வாய் கோணியிருப்பது தெரியாத மாதிரி ஒரு பக்கமாய்ப் பிடிப்பானாம். அந்த வியாழக்கிழமை அவன் போனபோது அவருடைய மனுசி படலையைத் திறக்கவில்லை.

"தம்பி, குறை நினையாதை. உன்னைக் கண்டால் அவர் பயந்துபோறார். ராத்திரியும் கேட்டவர், 'உவன் என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் வாறான், நாள் குறிச்சாச்சோ' எண்டு."

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தான். மேசையில் ஏறவில்லை. நிலத்தில் இருந்துகொண்டு துணித் துண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினான்.

"சின்னம்மா, உந்தக் கதையை ஆர் துவங்கினது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கென்னெண்டு தெரியும்? நான் மெசினோடை கிடக்கிறவள்."

"அம்மாவோடை கதைச்சனீங்களோ?"

"கதைச்சனான். அவ அசையிறா இல்லை." உண்மையில் அக்காவோடு ஒரு சொல்கூட நான் கதைத்திருக்கவில்லை. "நான் சொல்லுறதைக் கேள். ஆர் சொன்னதெண்டு கண்டுபிடிச்சு என்ன செய்யப்போறாய்? நீ இஞ்சை நிண்டால் உந்தக் கதையும் நிக்கும். பேசாமல் கம்பஸுக்குப் போ. நாலு வருசத்திலை எல்லாரும் மறந்திடுவினம்."

பொறுக்கிய துண்டுகளை மேசையில் வைத்தான். "ஓம்" என்றான்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொல்ல நானும் கூடப்போனேன். தனியப் போனால் மனம் மாறிவிடுவான் என்ற பயம். அந்த மனுசன் ஏசவில்லை. கமராப் பையை வாங்கி வைத்துவிட்டு, "தம்பி, கமரா பிடிக்கிற ஆளை நாளைக்கே எடுப்பன். அழுகிற வீட்டிலை இடைஞ்சலில்லாமல் நிக்கத் தெரிஞ்ச ஆளை எங்கை போய்த் தேடுறது?" என்றார். பெறாமகன் என்னைப் பார்த்தான். அந்த நேரம் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பை திரும்ப அவன் தோளுக்கு வந்திருக்கும். "பஸ் போகப்போகுது, வா" என்றேன்.

அக்காவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். "ஊர்ச்சனம் பகிடி பண்ணினதும் நல்லதுக்குத்தான், கடவுள் அவையின்ரை வாயாலை வந்து கதைச்சிருக்கிறார்" என்றா. பால்ரொட்டி சுட்டு அயலுக்குக் கொடுத்தா. மதகுப் பொடியளுக்கும் ஒரு பேணி போனது. அவர்களும் தின்றுவிட்டு, "மச்சான், கம்பஸிலை எங்களை மறந்திடாதை" என்றார்கள்.

இப்போது அவன் மூன்றாம் வருசம். பாசாகிறான், பெரிய கெட்டித்தனமும் இல்லை, மோசமும் இல்லை. லீவுக்கு வந்தால் வீட்டுக்குள் கிடக்கிறான். போனில் ஒரு படம்கூட எடுப்பதை நான் காணவில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டால் பாடத்தின் பெயரைச் சொல்லுவான், அவ்வளவுதான். என்னுடைய பெயர்தான் நன்றாக வந்திருக்கிறது. பிள்ளையைக் கம்பஸுக்குத் திருப்பிவிட்டவள் என்று தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். "நீங்கள் ஒருக்காக் கதைச்சு விடுங்கோ அக்கா." அந்தப் பிள்ளைகள் கதிரை நுனியில் இருந்துகொண்டு என் வாயைப் பார்க்கும். நானும் கதைத்து அனுப்புகிறேன். மாட்டேன் என்று இன்னும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அவன் முதன்முதல் கம்பஸுக்கு வெளிக்கிடுவதற்கு முதல்நாளை.

கம்பஸுக்கென்று இரண்டு நீளக் காற்சட்டை தைத்துக் கொடுத்தேன். கறுப்பு ஒன்று, மண்ணிறம் ஒன்று. கறுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். நான் முழந்தாளில் இருந்து, கீழ் மடிப்புக்குச் சோக்கால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வெளியில் அவனுடைய உடுப்புப் பெட்டிக்குக் கயிறு தேடித் திரிந்தா. அவன் கண்ணாடியைப் பார்த்தபடியே கதைத்தான்.

"எண்ணுற கதை நீங்கள் சொன்னதெண்டு எனக்கு அப்பவே தெரியும், சின்னம்மா."

சோக்கு நின்றுவிட்டது.

"ரீச்சரின்ரை மகன் சந்தியிலை வைச்சுச் சொன்னவன். 'உங்கடை சின்னம்மாவின்ரை பகிடியெல்லோ' எண்டு என்னையே பாராட்டினவன்."

"அப்ப ஏன்ரா தெரியாத மாதிரி என்னட்டை வந்து கேட்டனீ?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

வெளியில் அக்கா மாட்டோடு ஏதோ கதைத்துக்கொண்டிருப்பது கேட்டது. அவனுடைய குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செத்தவீட்டில் ஆட்களை விலகச் சொல்லுகிற அதே குரல்.

"நீங்கள் நேரை, 'உந்த வேலை வேண்டாம், கம்பஸுக்குப் போ' எண்டு சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே விட்டிருப்பன். நான் எப்ப உங்கடை சொல்லைத் தட்டினனான்?"

தட்டினதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், அக்காவுக்கு ஓம் சொன்ன அன்றைக்கே தெரியும். நேரே சொல்லியிருந்தால் போயிருப்பான். ஆனால் நாளைக்கு அங்கே அவனுக்குச் சரிவராமல் போனால், சின்னம்மா சொல்லித்தானே வந்தேன் என்று என் முகத்தைப் பார்ப்பான். பகிடிக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை. அதுதான் பகிடியை எடுத்தேன்.

இதையாவது அந்த நேரம் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"எப்பிடியோ கம்பஸுக்குப் போறாய்தானே? பேந்தென்ன கதை?"

அவன் குனிந்து என்னைப் பார்த்தான். அழுகை இல்லை, கோபமும் இல்லை. முன்பின் தெரியாத வீட்டுக்குப் போய்ப் படலையில் நின்று, உள்ளே வரலாமோ என்று பார்க்கிற பார்வை.

"ஓம்," என்றான். "அரை அங்குலம் இறக்கி விடுங்கோ. சப்பாத்துப் போடவேணும்."

இறக்கித் தைத்துக் கொடுத்தேன்.