மகள் மொழிபெயர்த்த கேள்வி

ஒஸ்லோவில் படித்த என் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தைத் தான் பார்க்கமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். அவர் என்ன எழுதுவாரோ என்று எனக்கு மனம் ஆறவில்லை. ஆசிரியருக்குக் கொடுக்க ரோல்ஸ் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

"கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேள்."

"அம்மா, பார்க்கமாட்டன் எண்டு சைன் வைச்சனான்."

"நீ பார்க்காதை. நான் பார்க்கிறன். கேள்!"

அப்போது எனக்கு நோர்வேஜிய மொழி ஓடாது. அவள்தான் தலைகுனிந்தபடி மொழிபெயர்த்தாள். ஆசிரியர் என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். "முடியாது" என்றதும் அவளிடம்தான். ரோல்ஸ் என் மடியிலேயே ஆறிப்போனது. ரயிலில் அவள் என் பக்கத்தில் இருக்காமல் வேறு இருக்கையில் போய் இருந்தாள்.

இப்போது மகனின் பள்ளிக்கூடத்துக்கு நான் தனியாகத்தான் போகிறேன். கற்றுக்கொண்ட அரைகுறை நோர்வேஜியத்தில் தப்பும் தவறுமாக நானே கேட்கிறேன். மானம் கெடுவதென்றால் என் வாயால் கெடட்டும்.

— ஒரு தாய், ஒஸ்லோ